பழைய வால்வு ரேடியோவைச் சீராக்குதல்: மலைநாட்டு ஈரத்துக்கு ஏற்ற முறை

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவை, அதாவது ட்ரான்சிஸ்டர் வருமுன் சூடேறும் கண்ணாடிக் குழாய்களால் (வால்வுகளால்) ஓடிய ரேடியோவை, அது பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உடனே பிளக்கில் செருகிப் பார்க்கக் கூடாது. பல வருடங்கள் ஓடாமல் கிடந்த பெட்டியில், அதுவும் தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து மூடுபனியில் கிடந்த பெட்டியில், மின்னைத் தேக்கிவைக்கும், மெழுகு பூசிய தாள் கண்டென்சர்கள் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும் நிலையில் இருக்கும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் சில நிமிடங்களுக்குள் ஒலி வால்வோ ட்ரான்ஸ்போமரோ எரிந்துபோகலாம். வால்வு போனால் தேடி வாங்கலாம். ட்ரான்ஸ்போமர் அந்தப் பெட்டிக்கென்றே சுற்றப்பட்டது. அதைக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த தம் கணவரின் ரேடியோவைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, பிள்ளைங்க ஒருதரம் போட்டுப் பார்த்தாங்க, கொஞ்சம் புகை வந்துச்சு, அவ்வளவுதான். இது திரும்பப் பாடுமா?" என்று கேட்டார். முதுகுப் பலகையைக் கழற்றியபோது, ட்ரான்ஸ்போமருக்குள் இருந்த தார் உருகி, தகரத் தட்டின் மேல் கறுப்புக் கண்ணீர்போல் வழிந்து உறைந்திருந்தது. ஆர்வத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அந்தப் பிள்ளைகளும் செய்தார்கள். ஆனால் அதற்குரிய கம்பியைத் தேடி, சுற்றுகளை எண்ணி, திரும்பச் சுற்றுவித்து அந்தப் பெட்டியைப் பாட வைக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. மின்சாரம் கொடுப்பது இந்த வேலையின் கடைசிப் படிகளில் ஒன்று என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மற்றவை பொறுமையோடு செய்யக்கூடியவைதாம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல்தான் தொடங்கியது. அதற்குள் வால்வுகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வானொலியோ 1925 டிசம்பரிலேயே கொழும்பில் தொடங்கி, பின்னர் ரேடியோ சிலோனாகி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகியது. ஆகையால் மலையகத்தில் வால்வுப் பெட்டி என்றால் அது பெரும்பாலும் ரேடியோதான்: துரை பங்களாவிலும் ஸ்டாப் குவாட்டர்ஸிலும் கரன்டில் ஓடிய பெரிய மரப்பெட்டிகள், மின்சாரம் நெடுங்காலம் எட்டாதிருந்த லயன்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பேட்டரியில் ஓடிய சிறிய பெட்டிகள். இந்த இரண்டு வகைக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு என்பதால், கையில் இருப்பது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வால்வின் பெயரைப் படித்தல்

பிலிப்ஸ், முல்லார்ட், டெலிபங்கன் முதலிய ஐரோப்பிய வால்வுகளின் பெயரிலேயே வேண்டிய செய்தி இருக்கிறது. முதல் எழுத்து இழையைச் சொல்லும். 'ஈ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட், அந்தப் பெட்டியில் பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் இருக்கும். 'யு' என்றால் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டு 100 மில்லிஆம்பியரில் எரிபவை. அப்படிப்பட்ட பெட்டியில் ட்ரான்ஸ்போமர் பொதுவாக இராது. 'டி' என்றால் 1.4 வோல்ட் பேட்டரி வால்வு. அடுத்த எழுத்துகள் வேலையைச் சொல்லும்: 'சி' மூன்று மின்முனை உள்ள மூவாய் (ட்ரயோட்), 'எஃப்' ஐந்து மின்முனை உள்ள ஐவாய் (பென்டோட்), 'எல்' ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் வால்வு, 'எம்' நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை ஒளியால் காட்டும் மந்திரக் கண், 'ஒய்', 'இசட்' இரண்டும் மாறுமின்னை நேர்மின்னாக்குபவை. எண் 80களில் இருந்தால் ஒன்பது பின், 90களில் இருந்தால் ஏழு பின், 40களில் இருந்தால் விளிம்பில் சிறு குமிழ் வைத்த எட்டுப் பின் வகை. ஈசிஎச்81, ஈபிஎஃப்89, ஈஎல்84, ஈஇசட்80 போன்ற பெயர்களைக் கண்டால் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்திய பெட்டி என்று கொள்ளலாம்.

'யு' வால்வுப் பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் சேசிஸ், அதாவது எல்லாப் பாகங்களும் பொருத்தப்பட்ட உலோகத் தட்டு, கரன்ட் கம்பிகளில் ஒன்றோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் தட்டு முழுவதிலும் 230 வோல்ட் நிற்கும். திருகுக் குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே போதும், உயிர் போகலாம். இத்தகைய பெட்டியை ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய தனிப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் திறந்து வேலை செய்யக் கூடாது. அந்த ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் வீட்டிலுள்ள டிரிப் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வால்வுப் பெட்டியின் வேலை உங்களுக்குப் புதியது என்றால், முதல் பெட்டியாக 'யு' வகையை எடுக்க வேண்டாம்; 'ஈ' வகை ஒன்று கிடைக்கும்வரை காத்திருங்கள்.

காய வைத்தல்

பண்டாரவளைப் பக்கத்துப் பெட்டிகள் ஓரளவு காய்ந்து வருகின்றன. தென்மேற்குப் பருவமழை நேரே இறங்கும் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்துப் பெட்டிகளில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். விறகடுப்பு உள்ள வீட்டில் இருந்த பெட்டி என்றால் அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கான புகைக்கரியும் ஒட்டியிருக்கும். முதலில் மெல்லிய வர்ணத் தூரிகையால் தூசியை உலர்ந்தபடியே துடைத்தெடுக்க வேண்டும். ஈரத்துணி இந்தக் கட்டத்தில் கூடாது. பூஞ்சணத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் அணிந்து, வெளி விறாந்தையில் வைத்துச் செய்யுங்கள்.

அதன்பின் சேசிஸை மரப்பெட்டியிலிருந்து கழற்றி, மூடியுள்ள பெரிய அட்டைப் பெட்டிக்குள்ளோ அலுமாரிக்குள்ளோ வைத்து, எதிலும் படாத தூரத்தில் ஒரு 40 வாட் இழை பல்பை எரியவிட்டு, ஒரு வாரம் காய வைக்க வேண்டும். சூடு கையால் தாங்கக்கூடிய அளவில், 40 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். அதற்கு மிஞ்சினால் சுருள்களின் மேல் பூசிய மெழுகு இளகும். அடுப்புக்கு மேல் தொங்கவிடுவதும், தேயிலைத் தொழிற்சாலையின் வெப்பக்காற்றில் வைப்பதும் வேண்டாத அவசரம். மெழுகு முழுவதும் உருகி இறங்கிய சுருளை ஒருவர் இப்படித்தான் கொண்டுவந்து காட்டினார். அதைத் திரும்ப நிறுத்த என்னால் முடியவில்லை. மரப்பெட்டியைப் பல்பின் சூட்டில் காய வைக்காமல், நிழலில் காற்றாட வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் மேலொட்டுப் பலகை வெடித்து உரியும்.

அளந்து பார்த்தல்

காய்ந்தபின், எதையும் கழற்றும் முன், சேசிஸின் மேலும் கீழும் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்து வைக்க வேண்டும். வால்வுகள் எந்தெந்தக் குழியில் இருந்தன என்பதைத் தாளில் குறியுங்கள். வால்வைக் கழற்றும்போது ஆட்டி ஆட்டி நேராக மேலே இழுக்க வேண்டும். அதன்மேல் அச்சிட்ட எழுத்தை விரலால் தேய்த்தால் அழிந்துவிடும். கண்ணாடியின் உள்ளே உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி உதவாது. மற்றபடி வால்வுகளை அவசரப்பட்டுக் குற்றம் சாட்ட வேண்டாம். நான் பார்த்த பெட்டிகளில் பழுது பெரும்பாலும் வால்வுகளில் இல்லை, அவற்றைச் சுற்றியுள்ள சிறு பாகங்களில்தான் இருந்தது.

பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கம்பிச் சுருள்களைப் பாருங்கள். மின் ட்ரான்ஸ்போமரின் 230 வோல்ட் பக்கம் சில பத்து ஓம்கள் காட்டும். ஸ்பீக்கர் சுருள் மூன்று முதல் ஐந்து ஓம் வரை காட்டும். ஒலி ட்ரான்ஸ்போமரின் முதற்சுருள் சில நூறு ஓம்கள் காட்டும். மலைநாட்டில் அதிகம் அறுந்துபோவது இந்தக் கடைசிச் சுருள்தான். தலைமயிர் அளவு மெல்லிய அந்தக் கம்பி எப்போதும் உயர் வோல்ட்டேஜில் நிற்பதால், ஈரம் சேர்ந்தவிடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து அரித்துப் போகிறது. அறுந்த இடம் சுருளின் வெளி முனைக்கு அருகில் இருந்தால், மேல் தாளை மெதுவாகப் பிரித்து, கம்பியின் எனாமலைச் சுரண்டி, புதிய கம்பியோடு ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் சுற்றக் கொடுப்பதைத் தவிர வழி இல்லை. எந்த நிலையத்தைப் பிடித்தாலும் அதன் அலை மாற்றப்படும் ஒரே அதிர்வெண்ணுக்குரிய சுருள்களை, அதாவது இடைநிலை அதிர்வெண் சுருள்களையும் இதேபோல் ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள், ஈரத்தில் கிடந்தால் மதிப்புக் கூடிவிடும். 220 கிலோ ஓம் என்று இருக்க வேண்டியது 300க்கு மேல் காட்டுவது சாதாரணம். குறித்த மதிப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள். பழைய ஆங்கிலேயப் பெட்டிகளில் நிறங்கள் வளையமாக இரா. உடலின் நிறம் முதல் எண், முனையின் நிறம் இரண்டாம் எண், நடுவிலுள்ள புள்ளி சேர்க்க வேண்டிய பூச்சியங்களின் எண்ணிக்கை. மஞ்சள் உடலும் ஊதா முனையும் செம்மஞ்சள் புள்ளியும் இருந்தால் அது 47 கிலோ ஓம். இதை அறியாமல் வளையக் கணக்கில் வாசித்தவர்கள் நல்ல பெட்டிகளையும் கெடுத்திருக்கிறார்கள்.

ரப்பர் உறையுள்ள கம்பிகளை வளைத்துப் பாருங்கள். உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் கம்பியை முழுதாக மாற்ற வேண்டும். துணி சுற்றிய பழைய கரன்ட் வயரையும் தயங்காமல் மாற்றலாம். ஆனால் ட்ரான்ஸ்போமர் இல்லாத சில பெட்டிகளில் அந்த வயரே தடைக்கம்பியாக வேலை செய்யும். ஓடும்போது அது சுடும். அதை வெட்டிக் குறைத்தால் வால்வு இழைகள் எல்லாம் எரிந்துபோகும்.

கண்டென்சர்கள்

இந்த வேலையின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் இரண்டு வகைக் கண்டென்சர்கள் கெட்டிருக்கும்: மெழுகோ தாரோ பூசிய தாள் கண்டென்சர்கள், அலுமினியக் குப்பிக்குள் இருக்கும் மின்பகுப்புக் கண்டென்சர்கள். மைக்கா, பீங்கான் வகைகள் பொதுவாக நல்ல நிலையில் இருக்கும்; அவற்றில் கை வைக்க வேண்டாம். கடுகு நிறத்தில் உருண்டையாக இருக்கும் முல்லார்ட் கண்டென்சர்களும் நீண்ட காலம் தாங்குபவை. அளந்து நல்லது என்று தெரிந்தால் அப்படியே விடலாம்.

தாள் கண்டென்சர்களில் ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னதாக மாற்ற வேண்டும். முதல் ஒலி வால்வின் அனோடிலிருந்து (இலத்திரன்கள் வந்து சேரும் தகடு) கடைசி ஒலி வால்வின் கிரிட்டுக்கு (அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) செல்லும், பெரும்பாலும் 0.01 மைக்ரோபாரட் மதிப்புள்ள கண்டென்சர் அது. அதன் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 100 வோல்ட் நேர்மின் நிற்கிறது. மறுபக்கத்தில் நேர்மின் ஒரு துளியும் இருக்கக் கூடாது. அந்தக் கண்டென்சர் ஈரத்தால் 20 மெகா ஓம் அளவுக்குக் கசிகிறது என்றும், கிரிட்டிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் ரெசிஸ்டர் 680 கிலோ ஓம் என்றும் வையுங்கள். கணக்குப் போட்டால் கிரிட்டில் 3.3 வோல்ட் நேர்மின் ஏறுகிறது. ஈஎல்84 வால்வு 250 வோல்ட்டில் ஒழுங்காக ஓட, கிரிட் தன் கதோட்டைவிட (இலத்திரன்களை வெளிவிடும் முனை) 7.3 வோல்ட் தாழ்வாக இருக்க வேண்டும். அந்தத் தாழ்வைக் கசிவு பெருமளவு தின்றுவிடுகிறது. வால்வு அளவுக்கு மிஞ்சி மின்சாரத்தை இழுக்கிறது, அனோட் சிவக்கிறது, ஒலி ட்ரான்ஸ்போமர் சுடுகிறது, அதன் பின்னால் மின் ட்ரான்ஸ்போமரும் சுடுகிறது. 20 மெகா ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரில் நல்ல கண்டென்சர்போலவே தோன்றும் என்பதும், மீட்டரின் சிறு பேட்டரி வோல்ட்டேஜில் வெளிப்படாத கசிவு 100 வோல்ட்டில் வெளிப்படும் என்பதும் இதில் கவனிக்க வேண்டியவை. எனவே அளந்து முடிவு செய்யாமல், தாள் வகை என்றால் மாற்றிவிடுங்கள். 630 வோல்ட் தாங்கும் பொலியெஸ்டர் கண்டென்சர்கள் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் சில்லறை விலைக்குக் கிடைக்கும். மற்றத் தாள் கண்டென்சர்களையும் இதே வகையால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை ஒட்டியபின்தான் அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டி எறிந்தால் எது எங்கே இருந்தது என்று உங்கள் படங்கள்கூடச் சொல்லா.

கரன்ட் வயருக்குக் குறுக்கே உள்ள கண்டென்சருக்குச் சாதாரண வகை போதாது. மாறுமின்னுக்கென்று சான்று பெற்ற எக்ஸ்2 வகை, 275 வோல்ட் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும், அதுதான் வேண்டும். 'யு' பெட்டிகளில் ஏரியல் குழிக்கும் எர்த் குழிக்கும் செல்லும் வழியில் வரும் கண்டென்சர்கள் வெளியிலிருந்து கை படும் இடங்களை 230 வோல்ட்டிலிருந்து பிரிப்பவை. அங்கே ஒய் வகையைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது.

மின்பகுப்புக் குப்பிகளில் பெரும்பாலும் இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 32 அல்லது 50 மைக்ரோபாரட். சிலர் இவற்றுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகச் சிறிது சிறிதாக வோல்ட்டேஜ் கொடுத்துப் பல மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். உலர்ந்த ஊரில் அது பலிக்கும். நம் ஊர்க் குப்பிகளின் அடிரப்பரில் வெள்ளைப் பூ பூத்துச் சாறு கசிந்திருப்பதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். அவற்றுக்கு மாற்று ஒன்றே வழி. 47 மைக்ரோபாரட், 450 வோல்ட், 105 பாகை வகையை வாங்குங்கள். பெரியதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று எண்ணி 100 போட வேண்டாம்; ஈஇசட்80 போன்ற வால்வு முதல் கண்டென்சரில் 50க்கு மேல் தாங்குவதற்கு அமைக்கப்படவில்லை. பழைய குப்பியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் இணைப்புகளை வெட்டி, புதியவற்றைத் தட்டின் அடியில் மறைவாகப் பொருத்தினால், மேலிருந்து பார்ப்பவருக்குப் பெட்டி பழையபடியே இருக்கும். தோற்றத்தை அப்படிக் காப்பது எனக்கு முக்கியம். ஏனென்றால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் அடுத்த பாஸுக்கு (ரேடியோ திருத்துபவருக்கு) அது எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று தெரிய வேண்டும்.

முதல் மின்சாரம்

கட்டைப் பலகை ஒன்றில் ஒரு பல்பு ஹோல்டரையும் ஒரு பிளக் பொயின்டையும் தொடராக இணைத்து, ஹோல்டரில் 60 வாட் இழை பல்பைப் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ரேடியோவில் பழுது இருந்தால் மின்சாரம் முழுவதையும் பல்பு தன்மேல் வாங்கிக்கொண்டு பிரகாசமாக எரியும், ட்ரான்ஸ்போமர் தப்பும். பெட்டியின் பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் தகடு இருந்தால் அதை 220இல் விடாமல் 240 அல்லது 245க்கு மாற்றுங்கள். கரன்ட் வழியில் 500 மில்லிஆம்பியர் மெதுவகைப் பியூஸ் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். உயர் வோல்ட்டேஜ் புள்ளிக்கும் சேசிஸுக்கும் இடையில் ஓம் அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். சில கிலோ ஓமுக்குக் கீழே நின்றுவிட்டால் எங்கோ குறுக்கிணைப்பு இருக்கிறது.

'ஈ' வகைப் பெட்டியில், நேர்மின்னாக்கும் வால்வான ஈஇசட்80ஐக் கழற்றி வைத்துவிட்டு முதல்முறை சுவிட்சைப் போட வேண்டும். அப்போது உயர் வோல்ட்டேஜ் எங்கும் வராது. மற்ற வால்வுகளின் இழைகள் மட்டும் செம்மஞ்சளாக மெல்லத் துலங்கும், டயல் பல்பும் எரியும். கால் மணி நேரம் விட்டு, ட்ரான்ஸ்போமரைத் தொடாமல் அருகில் கை வைத்தும் முகர்ந்தும் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நிறுத்திவிட்டு, ஈஇசட்80ஐச் செருகி, ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்து, திரும்பப் போடுங்கள். தொடர் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கி, அரை நிமிடத்தில் வால்வுகள் சூடேறியதும் சற்று ஒளி கூடி அப்படியே நின்றால் அது நல்ல அறிகுறி. ஒளி கூடிக்கொண்டே போனால் உடனே நிறுத்த வேண்டும்.

இப்போது தட்டின் அடியில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. மீட்டரின் கறுப்பு முனையைக் கவ்வியால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து, மற்றக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியபின்னும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறைபோட்ட கம்பியில் கட்டி, அதன் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரால் பார்த்து உறுதிசெய்தபின்தான் கை வைக்க வேண்டும்.

முதல் அளவு கடைசி ஒலி வால்வின் கதோட்டில். தொடர் பல்பு இல்லாமல் முழு மின்சாரத்தில் ஈஎல்84இன் கதோட்டில் ஏழு வோல்ட் அளவில் நின்றால் ஒலிப் பகுதி சீராக இருக்கிறது. பத்துக்கு மேல் ஏறினால் கிரிட்டை அளங்கள். அங்கே நேர்மின் இருந்தால், நிறுத்தி வால்வைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளங்கள். அப்போதும் நேர்மின் நின்றால் கண்டென்சரின் கசிவு. மறைந்துவிட்டால் வால்வின் குற்றம்.

நிலையங்களைப் பிடித்தல்

ஒலிப் பகுதியைச் சோதிக்க, வால்யூம் குமிழின் நடு முனையைத் திருப்புளியால் தொட்டு இரைச்சல் கேட்பது பழைய பாஸ்மார் வழக்கம். 'ஈ' வகைப் பெட்டியில் பின்னாலுள்ள கிராமபோன் குழிகளில் கைப்பேசியின் ஒலியைக் கொடுத்துப் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பானது. 'யு' வகையில் அந்தக் குழிகளிலும் கரன்ட் நிற்கலாம் என்பதால் அங்கே எதையும் இணைக்கக் கூடாது. பாட்டுக் கேட்டு, நிலையம் மட்டும் பிடிக்கவில்லை என்றால், பேண்ட் சுவிட்சின் தகடுகள் கறுத்திருக்கும். தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேயை ஒரு தீக்குச்சி முனையில் நனைத்து ஒவ்வொரு தகட்டுக்கும் தடவி, சுவிட்சை இருபது முப்பது முறை திருப்புங்கள். மண்ணெண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் வேண்டாம். நிலையம் திருப்பும் தகட்டுக் கண்டென்சரின் இடுக்குகளில் தூசி எடுக்கத் தூரிகையின் ஒற்றை மயிர் போனாலும் போதும். தகடு வளைந்தால் அந்த இடத்தில் ரேடியோ ஊமையாகிவிடும்.

சுருள்களின் உள்ளே இருக்கும் இரும்புத்தூள் மையங்களைத் திருக எல்லாருக்கும் ஆசை வரும். நிலையங்கள் தம் இடத்தில் ஓரளவு சரியாக வந்தால் அவற்றைத் தொடாதீர்கள். அவை எளிதில் உடையும். உடைந்தால் சுருளையே மாற்ற நேரும். உண்மையாகவே விலகியிருந்தால், சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டு, பிளாஸ்டிக் திருப்புளியால், முதலில் இடைநிலை அதிர்வெண்ணைச் சரிசெய்யுங்கள். அது 455 அல்லது 470 கிலோஹெர்ட்ஸாக இருக்கலாம், பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் என்பதால் முதுகுப் பலகையிலும் வரைபடத்திலும் தேடுங்கள். பின்னர் மத்திய அலையின் கீழ் முனையில் 600 கிலோஹெர்ட்ஸ் அளவில் மையத்தையும், மேல் முனையில் 1500 அளவில் டிரிம்மரையும் (திருகிச் சரிசெய்யும் சிறு கண்டென்சர்) மாறி மாறி, இரண்டும் அசையாமல் நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும்.

டயல் கண்ணாடியும் நூலும்

டயல் கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டும். எழுத்துகள் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டவை. ஈரத்தில் கிடந்த பெட்டியில் அந்த அச்சு கண்ணாடியை விட்டுப் பாதி கழன்றிருக்கும். நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில், நனைத்துப் பிழிந்த துணியால் பின்பக்கத்தை ஒருமுறை இழுத்தேன். சிற்றலையின் நகரப் பெயர் வரிசை ஒன்று முழுதாகத் துணியோடு வந்துவிட்டது. அந்தக் கண்ணாடியைப் போல் இன்னொன்றை இன்றுவரை நான் காணவில்லை. பின்பக்கத்துக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

டயல் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தால், அது எந்தெந்தக் கப்பியில் எந்தப் பக்கமாகச் சுற்றிச் செல்கிறது என்பதைக் கழற்றும் முன் வரைந்துகொள்ள வேண்டும். அறுந்த நூலும் தடயங்களைப் பேசும். கப்பிப் பள்ளத்தில் தேய்ந்த பக்கம் பளபளக்கும். வழுவழுப்பான ஒற்றை நைலோன் இழை வழுக்கும், நீளும். பின்னிய மீன்பிடி நூலே ஏற்றது. திருகும் தண்டில் இரண்டரை முதல் மூன்று சுற்று, அதற்கு மேல் சுற்றினால் நூல் தன்மேல் தானே ஏறிச் சிக்கும். வில் பாதி நீண்டு நிற்கும் இறுக்கத்தில் முடிச்சைப் போட்டு, முடிச்சின்மேல் ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள். அவசரப்பட்டால் ஒரு நாள் முழுதும் போகும். உட்கார்ந்து நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரத்தில் முள் பட்டுப்போல் நகரும்.

மரப்பெட்டிக்குக் கட்டியான வார்னிஷ் பூச வேண்டாம். உரிந்த மேலொட்டை மரப்பசையால் ஒட்டி, எடை வைத்து ஓரிரவு விட்டு, அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷைத் துணிப்பந்தால் பல முறை மெல்லியதாக ஏற்றினால் பழைய மினுக்கம் திரும்பும். மழை நாளில் பாலிஷ் போட்டால் வெண்புகைபோல் மங்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரையிலான வெயில் நாள்களுக்கு இந்த வேலையை ஒதுக்கி வையுங்கள்.

பேட்டரிப் பெட்டிகள்

லயன்களிலிருந்து வரும் பேட்டரி ரேடியோக்களில் டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 என்ற நான்கு வால்வுகள் அதிகம் காணப்படும். இழைகளுக்கு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றும், அனோடுகளுக்கு 90 வோல்ட் பேட்டரி ஒன்றும் வேண்டும். அந்தப் பெரிய 90 வோல்ட் பேட்டரி இன்று கடையில் இல்லை. பத்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் அதே அளவு கிடைக்கும். நான்கு வால்வுகளும் சேர்ந்து இழைக்கு 125 மில்லிஆம்பியர் மட்டுமே எடுப்பதால், ஒரு பெரிய டோர்ச் பேட்டரி பல மணி நேரம் தாங்கும். இரண்டு இணைப்புகளும் மாறிவிட்டால் நான்கு இழைகளும் ஒரே கணத்தில் போய்விடும். ஆகவே 1.5 வோல்ட்டை மட்டும் முதலில் இணைத்து, அதைச் சரிபார்த்தபின், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 90ஐக் கொடுத்துச் சோதியுங்கள். இந்த வால்வுகள் இருட்டில்கூட ஒளிர்வது அரிதாகத்தான் தெரியும். எரியவில்லை என்று எண்ணி வோல்ட்டேஜைக் கூட்டிவிடாதீர்கள்.

ஏரியலும் பராமரிப்பும்

பகலில் மத்திய அலை தூரம் செல்லாது. இரவில் அயனமண்டலத்தின் கீழ்ப்படை மறைவதால் தென்னிந்திய நிலையங்கள் தெளிவாக வரும். இரண்டு நிழல்மரங்களுக்கிடையே 15 மீட்டர் அளவுக்கு உறைபோட்ட கம்பியைக் கட்டி ஏரியலாக்கினால் வேறுபாடு உடனே தெரியும். வீட்டில் எல்இடி பல்புகளும் கைப்பேசி சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் பழைய காலத்தில் இல்லாதது. கேட்கும் நேரத்தில் அவற்றை நிறுத்தி வையுங்கள். மார்ச் முதல் மே வரையிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் கடுமையாக இருக்கும் என்பதால், ரேடியோவை நிறுத்தியதும் ஏரியல் கம்பியைக் கழற்றி, வெளியிலுள்ள எர்த் கம்பியோடு இணைத்துவிட வேண்டும்.

சீராக்கிய பெட்டியைச் சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்து, முதுகுப் பலகையின் துளைகளைத் துணியால் மூடாமல் விடுங்கள். மழை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் வால்வுகளின் சூடே உள் ஈரத்தை விரட்டும். அந்த அம்மாவின் வீட்டு ரேடியோ இப்போது ஞாயிறு மாலைகளில் ஓடுகிறது. மந்திரக் கண்ணின் பச்சை மங்கிவிட்டது, மாற்றுவதற்கு வால்வு தேடிக்கொண்டிருக்கிறேன்.